அழித்துத் திருத்திய தோள்

பேருந்து நிலையத்தின் முன்பதிவுக் கவுன்ட்டரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவள் அவள். கூட்டமில்லாத நேரங்களில் வீணாய்ப்போன டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் மூக்கும் காதுமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு என்ன தோன்றியதோ, நாற்பத்து நான்காவது வயதில் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அவளுக்குப் பிள்ளை வயது.

"முகம் நல்லா வருதும்மா. கழுத்துக்குக் கீழதான் தலையணைக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்கு" என்றார் ஓவிய மாஸ்டர். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மேல வரைய முடியும். தசையைப் படிங்க."

அவர் கொடுத்தனுப்பிய தடித்த புத்தகத்தில் தோல் உரித்த மனிதர்கள் பக்கத்துக்குப் பக்கம் நின்றார்கள். அடுப்படி மேடையில் அதை விரித்து வைத்திருந்தபோது அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"யாரு பாப்பா இவரு, புழுக்கம் தாங்காம சட்டையோட தோலையும் கழட்டிட்டாரா?"

அண்ணன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். அண்ணி இறந்துபோனபிறகு தங்கையோடு வந்துவிட்டான். அவளுக்கும் வேறு யாரும் இல்லை. இந்த வயதிலும் அவளைப் 'பாப்பா' என்று கூப்பிடுவதற்கு உலகத்தில் அவன் ஒருவன்தான் பாக்கி. மாடலாக உட்காரச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்தான்.

"அரிச்சா சொறிஞ்சுக்கலாமா?"

"கூடாது."

முதல் ஞாயிறு அவள் கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தாள். இடது தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே தசை திரண்டு நின்றது. வலப்பக்கம் அதே இடத்தில் கரண்டிக் குழிபோல ஒரு பள்ளம். பள்ளத்தையும் வரைந்து, மாஸ்டர் சொல்லியிருந்தபடி மூலையில் தேதியும் போட்டாள்.

மாஸ்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இடது பக்கம் பிரமாதம். வலது பக்கம் அவசரப்பட்டுட்டீங்க. ரெண்டும் ஒரே தசைதானே? புத்தகத்தைப் பாருங்க."

பிள்ளைகள் முன்னால் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணனை ஒரு முறை பார்த்தால் புத்தகத்தை மூன்று முறை பார்த்தாள். அந்த ஒரு முறையிலும் பள்ளம் தெரிந்தது. தெரியவில்லை என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான், பென்சில் தன்னையறியாமல் பள்ளத்தைப் போட்டதும் ரப்பரால் அழித்து, புத்தகத்திலிருந்த தசையை எடுத்து அங்கே வைத்து நிழலிட்டாள்.

"இப்பல்லாம் ரோலரை மேல தூக்கினா கை சீக்கிரம் ஓஞ்சு போகுது பாப்பா" என்றான் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே.

"பேசாதண்ணா, தோள் ஆடுது."

அந்தப் படத்தை மாஸ்டர் வகுப்புச் சுவரில் மாட்டினார்.

ஏழு மாதம் கழித்து, ஓர் அலுவலகத்தின் கூரைக்கு வண்ணமடித்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் கையிலிருந்து ரோலர் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி, தோளில் இரண்டு விரலை வைத்தார். விரல்கள் உள்ளே அமிழ்ந்தன.

"இந்தக் குழி எவ்வளவு நாளா இருக்கு?"

"என் முதுகை நான் எங்க டாக்டர் பாத்தேன்?" என்று சிரித்தான் அண்ணன்.

எவ்வளவு நாளாக என்று சுவரோரம் நின்றிருந்தவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. அண்ணனை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போன சமயம் அவள் வீட்டுக்கு ஓடிப்போய் முதல் படத்தை எடுத்து, வழியில் வகுப்புச் சுவரிலிருந்த இரண்டாவதையும் கழற்றிக்கொண்டு திரும்பினாள்.

டாக்டரம்மா இரண்டையும் மேஜையில் அருகருகே வைத்தார். "தேதி போட்டிருக்கீங்க, நல்லது. அப்பவே ஆரம்பிச்சிருக்கு. சரி, அடுத்த வாரம் எப்படி ரொம்பிப் போச்சு?"

"ரொம்பல டாக்டர். நான்தான் திருத்திட்டேன்."

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தார். நரம்பின்மேல் ஒரு நீர்க்கட்டி அழுத்துகிறது, எடுத்துவிடலாம், ஆனால் வற்றிய தசை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அப்போதே வந்திருந்தால் என்று அவள் கேட்டதற்கு, "பலன் கூட இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள், கட்டிலருகே உட்கார்ந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரிக்கத்தான் செய்தான்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. நீ அதை என் முதுகுல வச்சுத் தச்சுட்டியே."

பிறகு சிரிப்பு அடங்கியது.

"கை ஓஞ்சு போகுதுன்னு அன்னிக்குச் சொன்னேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கட்டி போய்விட்டது. பலம் பாதி திரும்பியது. பள்ளம் தூரவில்லை. கை தோளுக்குமேல் நெடுநேரம் நிற்காததால் கூரை வேலையை விட்டுவிட்டுக் கதவும் ஜன்னல் கம்பியும் பார்க்கிறான். கூட்டாளிகள் 'அரைச்சுவர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதையும் அவனே சொல்லிச் சிரித்தான். அவள் பாத்திரம் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

சுவரில் படம் எங்கே என்று மாஸ்டர் கேட்டபோது அவரிடமும் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"புத்தகத்தைப் பாருன்னு நான்தானேம்மா சொன்னேன். எனக்கும் பங்கு இருக்கு."

பங்கு போட்டுக்கொண்டால் பாரம் குறையும்தான். அவளுக்கு மனம் வரவில்லை.

"நீங்க எங்கண்ணனைப் பார்க்கல சார். நான் பார்த்தேன்."

வகுப்பை அவள் விடவில்லை. பேருந்து நிலையக் காவலாளியை வரைகிறாள், எதிர்வீட்டுத் தையல்காரியை வரைகிறாள். கோணலாக இருந்தால் கோணலாகவே வரைகிறாள். அண்ணனை மறுபடி உட்காரச் சொல்லி அவள் இதுவரை கேட்கவில்லை. அவனும் தானாக வந்து உட்காரவில்லை.