மகள் பேசட்டும்

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில், வாரப் பத்திரிகைக் கதைகளைச் சத்தமாக வாசிப்பேன். மற்ற பெண்கள் ஆசையாகக் கேட்பார்கள். சென்ற மாதம் வாசித்த கதையில் ஒரு தாய், தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளிடம் போனில் புத்திமதியாகவே சொல்வாள். மகளைப் பேசவே விடமாட்டாள்.

"பாவம் அந்தப் பிள்ள" என்று சிரித்தேன்.

பக்கத்திலிருந்த மாரியம்மாள் மெதுவாக, "நீங்களும் செல்விகிட்ட அப்படித்தானக்கா பேசுறீக?" என்றாள்.

மேற்கொண்டு என்னால் வாசிக்க முடியவில்லை. செல்வி என் ஒரே மகள். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். தினமும் பேசுகிறேன், ஆனால் அவள் என்ன சொன்னாள் என்று யோசித்தால் ஒன்றுமே நினைவில் இல்லை.

அன்று சாயங்காலம் போன் செய்து, "என்ன தாயி செய்ற?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

"லைன் கட்டாயிருச்சாம்மா?"

"இல்ல தாயி. நீ சொல்லு, கேக்கேன்."

அவள் விசும்பினாள். "ஒன்னயப் பாக்கணும்போல இருக்கும்மா. எம்புட்டு நாளா சொல்லணும்னு நெனச்சேன்."

தீபாவளி ஆர்டர் முடியாமல் எனக்கு லீவு கிடைக்காது. இப்போதெல்லாம் அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. கேட்கக் கேட்க, ஓடிப்போய் அவளைப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம்தான் கூடிக்கொண்டே போகிறது.

- பாண்டியம்மாள், சிவகாசி