கொடியேற்றமும் இல்லை, கத்திரி வெயிலும் இல்லை

எங்கள் அண்ணன் கடம்பூருக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தார். பருத்தியும் உளுந்தும் சேர்ந்தாற்போல் கைவிட்ட ஒரு வருடம் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அண்ணன் அதே ஆபீஸில் கணக்கு எழுதப் போனார், பிறகு மேலாளரானார். கல்லூரிக்குப் போனது நான். என் செவிலியர் படிப்பும், ஸ்காட்லாந்தில் நான் பார்க்கும் ஆஸ்பத்திரி வேலையும் அண்ணன் தந்தவை.

இதெல்லாம் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்றும் இருக்கிறது. அண்ணன் மனைவி, எங்கள் மதினி, கோவில் திருவிழா என்று பிடிவாதம் பிடித்து அண்ணனின் இருதய ஆபரேஷனைத் தள்ளிப்போட வைத்தார், அதனால்தான் அண்ணன் போய்விட்டார் என்று ஒரு பேச்சு துக்க வீட்டில் கிளம்பியது. ஓராண்டு ஆகியும் அது அடங்கவில்லை. அந்தப் பேச்சு பொய். ஆபரேஷன் தள்ளிப்போனது ஒரு கால்பந்து சீசனுக்காக. அது எனக்கு அப்போதே தெரியும்.

அண்ணன் இளவயதில் ஹாக்கி கோல்கீப்பர். நம் ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்காத ஆளைக் காண்பது அரிது என்றாலும், அண்ணன் கோலில் நின்றால் எதிரணிக்காரர்கள் முணுமுணுப்பார்களாம். வேலைக்குப் போனதும் ஆட்டம் நின்றுபோனது. வீட்டில் அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

நான் ஸ்காட்லாந்து போன முதல் குளிர்காலத்தில் பேச ஆளில்லாமல் தவித்தேன். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைதானம். அந்த ஊர் அணி அங்குள்ள தேசிய லீக்கின் கடைசிப் பிரிவில் ஆடுவது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் வாரநாளில் வேறு வேலை பார்ப்பவர்கள். கோல்கீப்பர் பைப் வேலை செய்பவர், நாற்பதை நெருங்கியவர். ஒரு சனிக்கிழமை மதியம் சும்மா போய் நின்றேன். அண்ணனுக்கு வீடியோவில் காட்டினேன். கோவில்பட்டியில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டம் முடியும்வரை பார்த்தார்.

“ஏலே, அவன ரெண்டு எட்டு முன்ன ஏறி நிக்கச் சொல்லுலே. கோட்டுலயே நின்னா எப்படிப் பிடிப்பான்?”

“நான் சொன்னா கேப்பானாண்ணே?”

“கத்திச் சொல்லு. நாங்க அப்படித்தான் சொல்லுவோம்.”

அன்றுமுதல் சனிக்கிழமை என்றால் நாங்கள் இருவரும் அந்த மைதானத்தில் இருப்போம். மைதானம் உறைந்துபோய் ஆட்டம் இல்லை என்று சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். தரை இறுகிப்போனால் ஆட முடியாதா, நாங்களெல்லாம் கட்டாந்தரையில்தானே ஆடினோம் என்பார். ஒரு சனிக்கிழமை மணியாச்சியில் கல்யாண வீட்டுக்குப் போனதால் அவரால் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அணி படுதோல்வி அடைந்தது. அதிலிருந்து, தான் பார்க்காவிட்டால் தோற்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ பேருக்குச் சம்பளக் கணக்குப் போட்டவர், இதில் மட்டும் குழந்தை.

சென்ற ஆண்டு மே மாதம் முடிந்த சீசனில் அணி அடிமட்டத்தில் கிடந்தது. கடைசியில் நிற்கும் அணி, லீக்குக்கு வெளியே இருந்து வரும் ஓர் அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்த்துத் தோற்றால் லீக்கை விட்டே வெளியேற வேண்டியதுதான். அந்த நிலைமைக்கு அணி வந்துகொண்டிருந்த தை மாதத்தில்தான் அண்ணனுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. மதுரையில் பார்த்தார்கள். இருதய வால்வு சுருங்கிவிட்டது, தாமதிக்காமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

மதினி எனக்குப் போன் செய்தார். “தம்பி, நீங்க சொன்னா கேப்பாவ. கொடியேறுததுக்கு முந்தியே மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம்னு சொல்லுங்க.”

அம்மன் கோவிலில் பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக்கூடாது என்பது நம் வழக்கம். அதற்கு முன்னால் போக வேண்டும் என்று துடித்தவர் மதினி. நாளைக்கு, நாளான்னைக்கு என்று கொடியேறும்வரை இழுத்தடித்து, கொடியேறியதும் அந்த வழக்கத்தையே சாக்காகச் சொன்னவர் அண்ணன். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

“ஐசியூல போன வாங்கி வச்சுக்கிடுவானாம்லே. சீசன் முடியட்டும். ஒம் மதினிகிட்ட சொல்லிறாத.”

நான் செவிலியர். சுருங்கிய வால்வு காத்திருக்காது என்று என் வாயால் எத்தனையோ குடும்பங்களுக்கு எடுத்துச் சொன்னவன். அண்ணனிடம், “சரிண்ணே, மாத்திரைய மட்டும் விட்றாதீங்க” என்றேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு வேண்டியிருந்தன. அப்பா போனபின் என்னை வளர்த்து ஆளாக்குவதிலேயே இருந்த அண்ணன், முதல் தடவையாக எனக்குக் கூட்டாளியாகக் கிடைத்திருந்தார். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடும் நிற்கவில்லை. நம் அணிக்காக என் அண்ணன் ஆபரேஷனையே தள்ளிப்போட்டிருக்கிறார் என்று மைதானத்தில் பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அணியின் கோல்கீப்பர், அண்ணனுக்கு வணக்கம் சொல்லி வீடியோவில் பேசி அனுப்பினார். அண்ணன் அதை டீக்கடையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாராம். அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்? கட்டிப்போட்டதே நான்தான்.

திருவிழா முடிந்தது. கத்திரி வெயில் பிறந்தது. கத்திரியில் காயம் ஆறாது என்று அண்ணன் அடுத்த சாக்கைச் சொன்னார். மதினி மறுபடியும் என்னைக் கேட்டார். “நெசமாவா தம்பி? ஆஸ்பத்திரியில ஏசி போட்டிருப்பாவள்ல?” ஆமாம் மதினி, கத்திரி போகட்டும் என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

முதல் ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றோம். இரண்டாவது ஆட்டம் அடுத்த சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில். நடுவில் புதன்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பிய அண்ணன் வாசலில் செருப்பை மாட்டும்போது சாய்ந்தார். ஆம்புலன்ஸ் மதுரைக்குப் பறந்தது. சாத்தூர் தாண்டும்போதே உயிர் பிரிந்துவிட்டது.

நான் வந்து சேர்ந்து, வெள்ளிக்கிழமை தகனம். சனிக்கிழமை காலையில் சுடுகாட்டில் காடாத்துச் சடங்கு முடித்துச் சாம்பலில் பால் ஊற்றிவிட்டு வந்தோம். அன்று பொழுது அடைந்தபின் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, உறவில் மூத்தவர் ஒருவர் மதினியின் காதில் விழும்படியாகவே சொன்னார். “சாமி சாமின்னு இருந்து ஆளத் தொலைச்சாச்சு.” நான் வாய் திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அணி வென்று லீக்கிலேயே தங்கிவிட்டது. என்னை அறியாமல் ‘அப்பாடா’ என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்குப் பால் ஊற்றிய ஈரம் காயவில்லை, நான் சந்தோஷப்பட்டேன். மதினியைச் சொன்ன சொல்லுக்கு என்னிடமிருந்து பதில் வரவில்லை. இன்று இங்கே எழுதுவதுதான் அந்தப் பதில். காலம் கடந்த பதில்.

அன்று தன் வேலையை விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் கூடவே ஏறிய பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், துக்கம் முடியும்வரை எங்களை அடுப்புப் பற்ற வைக்க விடாமல் சோறு கொடுத்த தெருக்காரர்களுக்கும், வேலைக்கு விடுப்பு எடுத்து வந்து நின்ற தீப்பெட்டி ஆபீஸ் சகோதரிகளுக்கும், ஒரு வருடமாக மதினியை விட்டு நகராத அவருடைய தங்கைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மதினியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண் கலங்கவில்லை.

“எழுதாண்டாம் தம்பி. எனக்குத் தெரியாதா? அந்தக் கோல்கீப்பரு பேசுன வீடியோவ எங்கிட்ட எத்தன மட்டம் காட்டிருக்காவ. ‘நான் பாக்கலன்னா அவனுவ தோத்துருவானுவடீ’ம்பாவ. சாமிக்காகத் தள்ளிப் போட்டாவன்னா ஊரு கையெடுத்துக் கும்பிடும். பந்துக்காகன்னா சிரிக்கும். எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்.”

“சிரிச்சா என்னயப் பாத்துச் சிரிக்கட்டும் மதினி. உங்க மேல இருக்கக்கூடாது” என்றேன்.

பிறகு மதினி ஒன்று கேட்டார். “அன்னைக்குப் பந்தல்ல போனப் பாத்து அப்பாடான்னீங்கள்ல. பந்துக்காரவுக செயிச்சுட்டாவதான?”

எனக்குத் தலை நிமிரவில்லை. “ஆமா மதினி” என்றேன்.

“உங்க மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். அப்பவே உள்ள போயி, உங்க அண்ணன் படத்து வெளக்குக்கு முன்னால நின்னு, செயிச்சாச்சுன்னு அவியகிட்டச் சொல்லிட்டேன்.”