ஒட்டிலே தெரிந்த கை

மனிதர் மழுப்புவர், இரும்பு மழுப்பாது என்பது குணரத்தினத்தின் கட்சி. காங்கேசன்துறையில் தொழில் பழகி, பஹ்ரைன் வெயிலில் நான்கு வருடம் வெந்து, எண்பத்தொன்றில் ஆக்லாந்து வந்து சேர்ந்தவர். நியூ லின்னில் வீடு. விரி என்ற புறநகரில், நீராவித் தொட்டிகள் செய்யும் பட்டறையில் வெல்டர்.

எண்பத்தாறில் பட்டறைக்கு ஆள் பஞ்சம். மூன்று தரம் விளம்பரம் போட்டும் இரண்டு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவன் மத்தியானம் சாப்பிடப் போனவன் திரும்பவேயில்லை. உள்ளூரில் ஆளில்லை என்று காட்டினால் வெளியிலிருந்து ஒருவரை எடுக்கலாம் என்று குடிவரவு அலுவலகம் சொல்லிவிட்டது. ஃபோர்மன் ராஸ் குணரத்தினத்தைக் கூப்பிட்டார்.

"உன் ஊரில் உன்னைப்போல ஒருவன் இருந்தால் சொல், குணா. ஆனால் வேலையைப் பார்க்காமல் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். அவன் ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்றை அனுப்பச் சொல்."

இதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் அவர் விட்ட பிழை. மனைவி யோகராணிக்கு ஒரே தம்பி, செல்வரத்தினம். இருபத்திரண்டு வயது. ஊரில் அவனை இரண்டு தரம் ராணுவம் பிடித்துப் போனது. இரண்டாம் தரம் பதினொரு நாள் கழித்துத்தான் விட்டது.

"அவன் கொமர்ஸ் படிச்சவன், ராணி. பல்ப் மாத்தவும் தெரியாது."

"வெல்டிங் என்ன கம்பசூத்திரமோ? நீங்கள் பழகேல்லையே?"

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு யோகராணி தம்பிக்கு எழுதிவிட்டாள். அன்றே மறுத்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். தம்பிக்காக, ஊர்ச் செய்தி கேட்டபடி இரவு பகலாக வானொலிக்குப் பக்கத்தில் இருப்பவளிடம் எந்த வாயால் மறுப்பது?

ஆறு வாரத்தில் பார்சல் வந்தது. பழைய சாரத் துணியில் சுற்றிய இரண்டு தகடுகள், நடுவே ஒட்டு. 'அத்தான், நானே ஒட்டினது' என்று ஒரு கடிதம்.

குணரத்தினம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீன் செதில் அடுக்கினதுபோல ஒரே சீரான ஒட்டு. முடியும் இடத்தில் மட்டும் ஒரு நகமளவு பின்னால் இழுத்து, குழி விழாமல் மூடியிருந்தது. அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். காங்கேசன்துறையில் ஐந்து வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த சோதிலிங்கத்தின் கை அது. அப்படி முடிப்பவன் அங்கே அவன் ஒருவன்தான்.

"இது சோதியின்ரை வேலை."

"ஓம்," என்றாள் யோகராணி, கண் தாழ்த்தாமல். "தம்பி கேட்டவன், அந்தாள் செய்து குடுத்தது. ராஸுக்கு இதெல்லாம் தெரியவே போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீங்கள் உண்மையைச் சொன்னால் அவன் அங்கை. வாயை மூடினால் அவன் இஞ்சை. இதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

யோசிக்க என்ன கிடக்கிறது என்றுதான் அவரும் இரண்டு நாள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். மூன்றாம் நாள் துண்டை ராஸின் மேசையில் வைத்தார். மைத்துனனுடையது என்று சொல்லத்தான் போனார். பார்சல் வருகிறது என்றபோதே அவன் பெயரை ராஸ் படிவத்தில் எழுதி வைத்திருந்தார்.

ராஸ் அதை வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து வளைத்தார். ஒட்டு வெடிக்கவில்லை. விசிலடித்தார்.

"இவனைப் பழக்கவே தேவையில்லை. வந்த அன்றே பெரிய தொட்டியில் விடலாம்."

பெரிய தொட்டி என்றால் ஆஸ்பத்திரிக்கும் சலவைத் தொழிற்சாலைக்கும் போகிற தொட்டி. ஒட்டு பிழையாய்ப் போனால் நீராவி அழுத்தத்தில் தொட்டி வெடிக்கும், பக்கத்தில் நிற்பவன் மிஞ்ச மாட்டான். செல்வரத்தினம் முகமூடி போட்டு அதன் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தார் குணரத்தினம்.

"இது என் மைத்துனன் ஒட்டினதில்லை. ஒட்டினவன் பெயர் சோதிலிங்கம்."

ராஸ் பேனாவை எடுத்தார். பிறகு படிவத்தில் ஒரு பெயரை வெட்டி, மற்றதை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். "அடுத்த வருடம் இன்னொருவன் வேண்டியிருக்கும். மைத்துனன் அதற்குள் வெல்டரானால் கொண்டு வா. வெல்டரானால் மட்டும்."

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். யோகராணி அடுப்பை நிறுத்தினாள். மேசையில் இருந்த வான்கடிதத்தாளைப் பிரித்தாள்.

"நான் எழுதுறன்," என்றார் அவர்.

"வேண்டாம். நீங்கள் எழுதினால் நியாயம் எழுதுவியள். அவனுக்கு வேண்டியது வழி." பேனாவைத் திறந்தாள். "சோதியண்ணை வெளிக்கிட எவ்வளவு காலம் செல்லும்?"

"விசா வர ஏழெட்டு மாதமாகும்."

"அதுக்குள்ளை அந்தாளிட்டைப் போய்ப் பழகச் சொல்லுறன். நாளும் பொழுதும் நிண்டால் பழகலாம்தானே?"

குணரத்தினம் தன் கைகளைப் பார்த்தார். தொழில் பழகத் தொடங்கி, தொட்டி வேலைக்கு அவர் கையை மேலாள் நம்ப மூன்று வருடம் சென்றது.

"பழகலாம்," என்றார். "எட்டு மாதம் தாராளம்."

அவள் அதை அப்படியே எழுதினாள்.