ஊர்க்கதை வேண்டாம் என்றேன்

மனிதர் முகமே வேண்டாம் என்றுதான் நான் மலைக்குப் போனேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்தித் தீர்த்தாயிற்று. ஓய்வு பெற்ற பிறகாவது நிம்மதி உண்டா என்றால், மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்கு ஒரு சண்டை, வண்டி நிறுத்த ஒரு சண்டை. மாதா கோயிலுக்குப் போனால் திருவிழாவில் கொடி பிடிப்பது யார் என்று அங்கேயும் சண்டை. எனக்கு முன்கோபம் வேறு. ஒருநாள் பூசை முடிந்து வாசலிலேயே நாலு பேரைத் திட்டிவிட்டு வந்து, போதுமடா சாமி என்று உட்கார்ந்துவிட்டேன். ஜவ்வாது மலையில் ஓர் ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது.

வீட்டில் நானும் தங்கையும் மட்டும்தான். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளையும் கூப்பிட்டேன். "அய்யோ, நான் வரலக்கா. எனக்கு மனுஷங்க வேணும்" என்று சிரித்தாள். அவள் அப்படித்தான். மீன்காரம்மாவிடம் கால் கிலோ நெத்திலி வாங்க அரை மணி நேரம் பேசுவாள்.

கிளம்பும்போது கண்டிப்பாகச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை நானே போன் பண்றேன். ஆனா ஊர்க்கதை எதுவும் பேசக்கூடாது. யாருக்குக் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்ல, எதுவும் எனக்கு வேண்டாம். சொன்னா வச்சிடுவேன்."

ஒருமுறை வைத்தும் விட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததை ஆசையாகச் சொல்ல வந்தாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொன்னதில்லை.

வீட்டுக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஞாயிறுதோறும் அங்கே உட்கார்ந்து நான்தான் பேசுவேன். பலா காய்த்தது, பனி இறங்கியது, ஓட்டு இடுக்கில் ஒரு குருவி கூடு கட்டுவது. அவள் "ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சில வாரங்கள் அவளுக்குப் பின்னால் ஏதோ இரைச்சல், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஊர்க்கதை வருமே! பாவி, எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அப்போது.

மூக்குக் கண்ணாடி உடைந்ததால் ஒரு வாரநாளில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. கேட்டருகே கூடையோடு நின்ற மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமா, இப்பத்தான் வர்றியா? தங்கச்சி அடையார் ஆஸ்பத்திரில கீது. கேன்சராம், ரெண்டு மாசமா ஊசி, கரண்டுன்னு வச்சிக்கினு வந்துச்சு. இப்ப அங்கியே படுக்கப் போட்டுட்டாங்க. மெய்யாலுமே உனுக்குத் தெரியாதா?"

தெருவுக்கே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தாள். அப்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதான ஊர்க்கதை வேண்டாம்னு சொன்ன" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "குருவி குஞ்சு பொரிச்சுதாக்கா? போன வாரம் பாதியிலயே நிறுத்திட்ட" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதுகூட அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

மூன்று வாரம் இருந்தாள். மூச்சுத் திணறலில் பேச்சு குறைந்துபோயிற்று. எவ்வளவோ கேட்க இருந்தது. எதையும் கேட்க முடியவில்லை. அடக்கம் முடிந்ததும் மலை வீட்டைக் காலி செய்துவிட்டேன். அந்தப் பாறையை இனி நான் எந்த முகத்தோடு பார்ப்பது?

இப்போது எனக்கு மீன் சமைக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் கேட்டருகே மீன்காரம்மாவுக்காக நிற்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தங்கை அவளிடம் நின்று பேசுவாளாம். அக்கா மலையில் குருவியோடு குடும்பம் நடத்துகிறாள் என்று சொல்லிச் சிரிப்பாளாம். முடி கொட்டியதும் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, "நல்லாக்கீதா?" என்று மீன்காரம்மாவின் பாஷையிலேயே கேட்பாளாம். இதையெல்லாம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

நேற்றும் கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு, "வேற ஏதாவது சொல்லும்மா" என்றேன்.

"அல்லாத்தையும் சொல்லிட்டேனேம்மா. இனிமே சொல்றதுக்கு இன்னா கீது?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.