முட்டியைப் பார்த்துப் பேசுகிறவர்

ரந்தாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காலையில் கேட் திறந்ததும், காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டு போகிறார்களா என்று போலீஸ்காரர் பைகளைச் சோதிப்பார். பக்கத்தில் டிரஸ்ஸர், கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையும் வாசனை எண்ணெய்த் தலையுமாக நின்று, எங்கள் முழங்கால்களைச் சோதிப்பார்.

நொண்டுகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கார்ட்டிசோன் என்று புதிதாக வந்த ஊசியை முட்டிக்குள்ளேயே இறக்குவார். "உட்காந்து எந்திரி" என்பார். எழுந்துவிட்டால் மறுநாள் பால்மரம் வெட்டப் போக வேண்டியதுதான். என் மனைவிக்கும் அப்படித்தான் போட்டார். வலி போய்விட்டது, அவளும் மரத்தடியில் குந்திக் குந்திப் பால் வெட்டினாள். வலி திரும்பியபோதெல்லாம் மறுபடி ஊசி. கடைசியில் அவள் முட்டி மடங்கவே இல்லை.

ஒருநாள் அவரே வீங்கிய முட்டியை ஸ்டூலில் நீட்டித் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டுக்கலையாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"ஊசி போட்டா வலிதான் தெரியாது லா. அதோட நடந்தா முட்டி கெட்டுப் போயிரும். நான் ரெண்டு வாரம் லீவு சொல்லிட்டேன்" என்றார், தன் முட்டியைப் பார்த்தபடியே.

கேட்டது யார் என்று நிமிர்ந்து பார்த்திருந்தால் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பாரோ என்னவோ. அந்தச் சிரமத்தைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.