இரண்டு விரல் இடைவெளி

அலுவலகத்தில் காலைக் காப்பிக்கு எழுந்தபோது தொலைபேசி அடித்தது. கரமனை வீட்டிலிருந்து ஹரிஹரன் சாரின் மகள். "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றாள்.

ராணுவ வண்டிகளின் எஞ்சின் சூட்டைக் குறைப்பது எங்கள் வேலை. பதினாறு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். சோதனை ஓட்டத்தில் அவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி, இரும்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தபடி வருவார். "எஞ்சினுக்கு மீட்டர் இருக்கு ஓய், டிரைவருக்கு யார் இருக்கா?" என்பார். நான் வெளியே நிழலில் நிற்பேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு எப்போதும் உண்டு.

குளிர்விக்கும் விசிறியே எஞ்சின் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதை அவர் சிறிதாக்கினார். டீசல் மிச்சமானது, சூடும் ஏறவில்லை. அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்டோம். அந்த விசிறியோடு வண்டிகள் பாலைவனத்துக்குப் போயின.

அடுத்த மழைக்காலத்தில், எங்களிடமிருந்த வண்டியின் எஞ்சின் மூடி இடுக்கிலிருந்து மழை ஈரத்தில் ஆவி வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சூட்டை அளக்கும் வயர்கள் நுழைவதற்காக மூடியை இரண்டு விரல் தூக்கி வைத்தே எல்லாச் சோதனையும் செய்திருந்தோம்; சூடு அந்த வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது. வயர்களைப் பிடுங்கி, மூடியை இறுக்கி ஓட்டச் சொன்னார். சிறிது நேரத்தில் வண்டியின் சூட்டு மீட்டரில் முள் சிவப்புக்குப் போனது.

"மூடி திறந்திருந்தா எந்த எஞ்சினும் சமத்துதான் ஓய்" என்றார். "நடு மணல்ல நின்னுபோச்சுன்னா உள்ளே இருக்கறவா என்ன பண்ணுவா?"

கோடைக்குள் பழைய விசிறியையே மாட்டும்படி மேலிடத்துக்கு எழுதினார். ஏற்கப்பட்ட அறிக்கையைத் திருத்த இயலாது என்று ஒருமுறை பதில் வந்தது. பிறகு அதுவும் இல்லை. என்னையும் கையெழுத்திடச் சொன்னார். எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம். "அடுத்த கடிதத்தில் பார்ப்போம் சார்" என்றேன். "சரி ஓய்" என்று பேனாவை மூடினார். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அவர் போனபின் பார்த்தால், அந்த அடுத்த கடிதம் அவர் மேசையில் பாதியில் கிடந்தது. எழுதி முடித்து, என் பெயரைப் போட்டுப் போன வாரம் அனுப்பினேன். மேலதிகாரி கூப்பிட்டார். "அது ஹரிஹரன்டெ கேஸ் அல்லே செல்வராஜே? ஆள் போயி. இனி விட்டுக்கள" என்று மலையாளத்தில் விட்டுவிடச் சொன்னார்.

ஹரிஹரன் சார், பாலைவனத்தில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னால் ஒன்றைக்கூட நிறுத்த முடியவில்லை. போய் வாருங்கள்.