மொட்டைத் தலைக்குக் காப்பீடு இல்லை

புத்தூர்க்காரனான நான் பல வருடமாக மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறேன். வருடா வருடம் தொகை ஏறும். பணம் வாங்கும்போது ஒருநாளும் என் முகத்தை யாரும் சரிபார்த்ததில்லை.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்றதும், நல்லபடியாக முடியட்டும் என்று திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டேன். பக்தியைவிடப் பயம்தான் அதிகம். மறுநாள் திருப்பதி மருத்துவமனையில், காப்பீட்டு மேசையிலிருந்த இளைஞர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஃபேஸ் மேட்ச் காலேது... ஆகலை சார். பாலிசி போட்டோல முடி, மீசை எல்லாம் இருக்கு. அது நீங்கதான்னு ப்ரூஃப் வேணும். இல்லன்னா பணத்தைக் கட்டிட்டு ஆபரேஷன் பண்ணிக்குங்க."

கையில் அவ்வளவு பணமில்லை. வலியோ உயிரை எடுத்தது. நான் யார் என்ற கேள்விக்கு இத்தனை நாள் படித்த வேதாந்தம் எதுவும் அந்த மேசையில் செல்லுபடியாகவில்லை. என் மனைவி வேதாந்தம் படித்தவள் அல்ல. அந்த இளைஞரும் புது மொட்டையில் சந்தனம் பூசியிருந்ததைக் கவனித்துவிட்டாள்.

"ஏம்பா, உன் கழுத்துல தொங்கிக்கினு இருக்கிற கார்டுல, கிராப்பு வெச்சிக்கினு ஒருத்தர் சிரிக்கிறாரே, யாரு அவரு? அவரக் கூட்டிக்கினு வா. அவருகிட்டப் பேசிக்கிறோம்."

வரிசையில் நின்ற மொட்டைகளெல்லாம் சிரித்தன. அவர் கார்டைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு மேலதிகாரிக்குப் போன் போட்டார். சற்று நேரத்தில் அனுமதி வந்தது; கல்லும் போனது.

இப்போதெல்லாம் வேண்டிக்கொள்ளும்போதே, 'முடி டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான்' என்று சொல்லிவிடுகிறேன். பெருமாள் கடனுக்கு ஒப்புக்கொள்கிறார். முன்பணம் வாங்கிய கம்பெனிதான் என்னை யாரென்று கேட்கிறது.